அடிவரியிலிருந்து படித்த சுவரொட்டி: சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பயணக் குறிப்புகள்

முதல் நாள், வியாழன்: சான் புரூனோ

சிவகாசியில் முப்பத்தோரு ஆண்டுகள் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தவன் நான். காலண்டர், தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி, தேர்தல் காலத்தில் சுவரொட்டி என்று வாழ்நாள் முழுவதும் மை வாசத்திலேயே கழிந்தது. அதனால் எந்தச் சுவரொட்டியைக் கண்டாலும் என் கண் முதலில் படத்துக்குப் போகாது. அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வரிக்குத்தான் போகும். தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு சொல்கிறது. அந்த வரி விடுபட்டுப் போனதால் ஒரு முறை நான்காயிரம் தாளைத் தூக்கிப் போட்டிருக்கிறோம். மேலே என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், சொல்வது யார் என்பது அடிவரியில்தான் தெரியும் என்பது எங்கள் தொழிலில் கண்ட பாடம்.

தங்கையின் வீட்டுக்கு இரண்டு வாரம் வந்திருக்கும் நான், பெட்டியில் ஒரு சுவரொட்டியின் நகலையும் கொண்டு வந்திருக்கிறேன். 1943-இல் அமெரிக்க அரசு வெளியிட்டது. அந்நாட்டின் தேசிய ஆவணக் காப்பகம் அதை எவரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. மேலே பெரிதாக அமெரிக்கக் கொடி. அதன் கீழே விமானத் தொழிற்சாலையில் ஒரு கறுப்பினத் தொழிலாளரும் ஒரு வெள்ளையினத் தொழிலாளரும் அருகருகே நின்று வேலை செய்கிறார்கள். அடியில் மூன்றே சொற்கள். தமிழில் சொன்னால், 'ஒன்றுபட்டால் வெல்வோம்'. அக்காலச் சுவரொட்டிகளில் பெரும்பான்மை ஓவியங்களாக இருக்க, இது புகைப்படம். ஓவியத்தில் ஆசையை வரையலாம். புகைப்படமோ 'இது எங்கோ நடந்துகொண்டிருக்கிறது, பார்' என்று சாட்சி சொல்லும். அந்த வேறுபாட்டை அறிந்துதான் செய்திருக்கிறார்கள்.

விமான நிலையத்துக்கு அழைக்க வந்திருந்த மருமகள், பன்னிரண்டு வயதுக்காரி, பார்ட் ரயிலில் உட்கார்ந்ததும் என் கோப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மாமா, இவங்க ரெண்டு பேரும் ஃபிரண்ட்ஸா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

அடுத்த நிறுத்தமான சான் புரூனோவில் இறங்க வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். பெட்டிகளை உருட்டிக்கொண்டு நிலையத்துக்கு வெளியே வந்தால், வெண்கலத்தில் இரண்டு சிறுமிகள் நிற்கிறார்கள். இந்த இடத்தில் அன்று டான்ஃபோரான் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. 1942 பிப்ரவரி 19 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ஆம் ஆணையின்படி மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு, கடை, தோட்டங்களை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 8,000 பேரை இத்திடலில்தான் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். பல குடும்பங்களுக்குக் குதிரை லாயமே வீடாயிற்று. சிலைக்கு அடிப்படை, டோரதியா லாங்கே எடுத்த ஒரு புகைப்படம். அதில் பேருந்துக்குக் காத்திருக்கும், வெளியேற்றப்பட்ட ஒரு குடும்பத்துப் பிள்ளைகளின் மேற்சட்டைகளில், சரக்கு மூட்டையில் கட்டுவதைப் போல, அடையாளச் சீட்டு தொங்குகிறது.

நான் இங்கே இறங்கியதற்குக் காரணம் இன்னொரு சுவரொட்டி. 'ஜப்பானிய வம்சாவளியினர் அனைவருக்குமான அறிவுறுத்தல்கள்' என்று தலைப்பிட்ட அந்தத் தாளை 1942-இன் வசந்த காலத்தில் இந்நகரங்களின் சுவர்களிலும் கம்பங்களிலும் ஒட்டினார்கள். படம் கிடையாது, கொடி கிடையாது. நெருக்கி அடித்த எழுத்து மட்டும். அடியில் தரைப்படைத் தளபதி டெவிட்டின் பெயர். ஆக, எவரெல்லாம் 'ஒன்றுபட' வேண்டும் என்ற பட்டியலிலிருந்து ஓர் இனத்தையே முதலில் அடித்துவிட்டு, அதற்கு அடுத்த ஆண்டு ஒற்றுமைச் சுவரொட்டி அச்சாகியிருக்கிறது. இந்த வரிசை முறை தெரியாமல் என் கையிலுள்ள நகலைப் பார்க்கக் கூடாது என்பதால்தான் பயணத்தை இங்கே தொடங்கினேன்.

இரண்டாம் நாள், வெள்ளி: ரிச்மண்ட்

தங்கை வீடு எல் செரிட்டோவில் இருக்கிறது. ரிச்மண்ட் அடுத்த ஊர்தான். ஆனாலும் நகரத்துக்குப் போய்ப் படகில் திரும்பி வருவது என்று முடிவு செய்தோம். படகுத்துறையிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் ரிச்மண்டில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். கண்ணாடிச் சாளரங்கள் வரிசை வரிசையாகத் தெரியும் நீண்ட செங்கல் கட்டடம் கரையிலேயே நம்மை எதிர்கொள்கிறது. ஆல்பர்ட் கான் வடிவமைத்த ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலை அது. போர்க்காலத்தில் அங்கே ஏறத்தாழ 49,000 ஜீப்புகளைப் பூட்டியிருக்கிறார்கள். அதன் பக்கத்து எண்ணெய்க் கிடங்கில் இப்போது, போர்க்கால ஆலைகளில் உழைத்த பெண்களின் அடையாளமான ரோஸியின் பெயரிலுள்ள 'ரோஸி த ரிவெட்டர்' தேசிய வரலாற்றுப் பூங்காவின் பார்வையாளர் மையம் இயங்குகிறது. நுழைவுக் கட்டணம் இல்லை.

போருக்கு முன் ஏறத்தாழ 23,000 பேர் மட்டுமே வாழ்ந்த ஊர் ரிச்மண்ட். தொழிலதிபர் ஹென்றி கைசர் இங்கே நான்கு கப்பல் கட்டும் தளங்களை அமைத்ததும் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. டெக்சாஸ், லூசியானா, அர்கன்சாஸ் பக்கத்திலிருந்து ரயில் ரயிலாக வந்து இறங்கியவர்களில் வெள்ளையரும் இருந்தார்கள், கறுப்பரும் இருந்தார்கள். இரு சாராரும் ஒரே குழாயில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்ற சட்டம் இருந்த மாநிலங்களிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள், இங்கே ஒரே இரும்புத் தகட்டின் மேல் ஏறி நிற்க வேண்டியதாயிற்று. போர் முடிவதற்குள் இந்த நான்கு தளங்களும் 747 கப்பல்களைக் கட்டி இறக்கின. 1942 நவம்பரில் ராபர்ட் ஈ. பியரி என்ற லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பலை, அடிக்கட்டை வைத்த நேரத்திலிருந்து நான்கு நாள் பதினைந்தரை மணி நேரத்தில் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள்.

இங்கேதான் என் நகலின் அடிவரிக்கு வர வேண்டும். அதில் இருப்பது 'போர்க்கால மனிதவள ஆணையம், வாஷிங்டன்' என்ற பெயர். சம உரிமையைக் கவனிக்கும் அலுவலகமன்று அது. 1942 ஏப்ரலில் பால் மெக்நட் தலைமையில் தொடங்கிய அந்த ஆணையத்தின் வேலை, எந்த ஆலைக்கு எத்தனை ஆள் வேண்டும், அவர்களை எங்கிருந்து பிடிப்பது என்று கணக்குப் போடுவது. ஆள் பற்றாக்குறையைத் தீர்க்க வேண்டிய அலுவலகம் தொழிலாளர் ஒற்றுமையைக் கேட்கிறது. காரணமும் வெளிப்படையானது. சுவரொட்டி வெளிவந்த 1943-இன் மே மாதத்தில் அலபாமாவின் மொபீல் கப்பல் தளத்தில் பன்னிரண்டு கறுப்பினத்தவரை வெல்டர்களாக உயர்த்தியதற்கு வெள்ளைத் தொழிலாளர்கள் கலவரம் செய்தார்கள். கறுப்பர்களுக்கென்று தனியாக நான்கு கப்பல் மேடைகளை ஒதுக்கித்தான் வேலையைத் திரும்பத் தொடங்க முடிந்தது. ஜூன் தொடக்கத்தில் டெட்ராய்டின் பேக்கார்டு ஆலையில் மூன்று கறுப்பினத்தவருக்குப் பதவி உயர்வு கொடுத்ததற்காக ஏறத்தாழ 25,000 பேர் வெளிநடப்புச் செய்தார்கள். விமான எஞ்சின் செய்யும் ஆலை அது. அதே மாதம் 20-ஆம் தேதி அந்நகரத்தில் மூண்ட கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். அவர்களில் 25 பேர் கறுப்பினத்தவர். நின்றுபோன ஒவ்வொரு மணி நேரமும் ஆணையத்தின் கணக்கில் விழுந்தது. இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. கணக்குக்காகச் சொன்னாலும் சொல்லப்பட்டது என்ற ஒன்று இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை வாஷிங்டன் அந்த அளவுக்குக்கூடச் சொன்னதில்லை.

அந்தச் சொல்லை அரசின் வாயிலிருந்து வரவழைத்தவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப். ரயில் படுக்கைப் பெட்டிப் பணியாளர் சங்கத்தின் தலைவரான அவர், பாதுகாப்புத் தொழில்களில் கறுப்பினத்தவருக்கு வேலை தராவிட்டால் 1941 ஜூலை 1 அன்று தலைநகரில் பேரணி நடத்துவோம் என்று அறிவித்தார். பேரணிக்கு ஆறு நாள் முன்பு, ஜூன் 25 அன்று, ரூஸ்வெல்ட் 8802-ஆம் ஆணையைப் பிறப்பித்துப் பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் இனம், சமயம், நிறம், பிறப்பிடம் சார்ந்த பாகுபாட்டைத் தடை செய்தார். பேரணி நிறுத்தி வைக்கப்பட்டது. காந்தியின் சத்தியாக்கிரகத்தை ராண்டால்ஃப் கூர்ந்து கவனித்து வந்தவர் என்பதும், 1943-இல் அவ்வகையான ஒத்துழையாமையைத் தம் மக்களுக்கு வெளிப்படையாகப் பரிந்துரைத்தவர் என்பதும் நம்மவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

ஆணை இருந்தது, சுவரொட்டியும் வந்தது. ஆனால் ரிச்மண்டில் கறுப்பினத் தொழிலாளியின் கையில் இருந்த சீட்டு வேறு கதை சொன்னது. கப்பல் தளங்களில் பாய்லர்மேக்கர்ஸ் எனப்படும் கொதிகலன் தொழிலாளர் சங்கத்தில் சேராதவருக்கு வேலை கிடையாது என்பது ஒப்பந்தம். அச்சங்கமோ கறுப்பினத்தவரை உறுப்பினராக ஏற்பதில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க அவர்கள் கண்டுபிடித்த வழி 'துணைச் சங்கம்'. சந்தா கட்ட வேண்டும். ஆனால் தாய்ச் சங்கத்தில் ஓட்டு கிடையாது, பேச்சும் கிடையாது, காப்பீட்டுப் பலன்களும் குறைவு. அப்படிப்பட்ட ஏ-36 என்ற துணைச் சங்கத்தின் அலுவலகத்தில் எழுத்தராக, முகவரி மாற்ற அட்டைகளை அடுக்கி வைக்கும் வேலையில் இருந்தவர் பெட்டி ரீட் சாஸ்கின். அறுபது ஆண்டுகளுக்குப் பின் இதே பூங்காவில் வனக்காவலர் சீருடை அணிந்து, இந்த மையத்தின் சிறிய அரங்கில் அந்தக் கதையை அவரே பார்வையாளர்களுக்குச் சொல்லி வந்தார். 2022-இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 100. ரோஸியின் கதை வெள்ளைப் பெண்களின் கதை, தம் வீட்டுப் பெண்கள் அடிமைக் காலத்திலிருந்தே வீட்டுக்கு வெளியே உழைத்தவர்கள்தாம் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார். கப்பல் கட்டும் ஊரில் வேலை பார்த்தும் ஒரு கப்பல் கட்டப்படுவதைத் தாம் பார்த்ததே இல்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

அந்த அரங்கின் பின்வரிசையில் நகலை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். படத்தில் இருவரும் ஒரே உலோகத்தின் மேல் குனிந்திருக்கிறார்கள். சட்டைப் பையில் இருக்கும் சங்கச் சீட்டைப் படம் எடுக்க முடியாது.

மூன்றாம் நாள், சனி

சான்பிரான்சிஸ்கோவில் முதல் தெருவும் ஃபிரண்ட் தெருவும் கூடும் முனையைத் தேடிப் போனேன். 1942 ஏப்ரலில் ஒரு சுவரில் ஒட்டியிருந்த வெளியேற்ற ஆணையை டோரதியா லாங்கே அங்கேதான் படம் எடுத்தார். அவரே பிறகு ரிச்மண்டில் வேலை முடிந்து படியிறங்கும் தொழிலாளர் கூட்டத்தையும் எடுத்தார். வெளியேற்றப் படங்களைப் படைத்துறை போர் முடியும் வரை வெளிவராமல் பூட்டி வைத்திருந்தது. இன்று அந்த முனையில் உயரமான அலுவலகக் கட்டடங்கள் மட்டுமே இருக்கின்றன. காபி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நான்காம் நாள், ஞாயிறு: ரெட் ஓக் விக்டரி

ரிச்மண்டின் மூன்றாம் எண் தளத்தில் ரெட் ஓக் விக்டரி என்ற கப்பலை அருங்காட்சியகமாக நிறுத்தியிருக்கிறார்கள். 1944 நவம்பரில் இவ்வூரிலேயே கட்டி இறக்கிய கப்பல். நீளம் 455 அடி. ஓய்வு பெற்ற தன்னார்வலர்கள் துருவைச் சுரண்டி வண்ணம் பூசிக் காத்து வருகிறார்கள். என்னை அழைத்துச் சென்ற முதியவர், சரக்கு அறைக்குள் இறங்கியதும் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். நேராகப் பார்த்தால் வெறும் சாம்பல் நிறத் தகடாகத் தெரிந்த இடத்தில், சாய்ந்த வெளிச்சம் பட்டதும் தகடும் தகடும் சேரும் பற்றுவரி எழும்பி வந்தது. மீன் செதிலை அடுக்கியது போல நெருக்கமான அலைகள். ஓரிடத்தில் அலை சீராக ஓடிக்கொண்டிருந்து, ஒரு முழத்துக்கு அப்பால் சட்டென்று அகன்று, தடித்து, வேறொரு கையின் எழுத்தாக மாறியது. "இங்கே ஷிஃப்ட் மாறியிருக்கலாம், அல்லது ஆள் மாறியிருக்கலாம்" என்றார் அவர். தொட்டுப் பார்த்தேன். எந்தக் கை எந்த நிறம் என்று இரும்பு சொல்லவில்லை.

கப்பலைத் துண்டு துண்டாகத் தரையில் செய்து, கிரேனில் தூக்கி வைத்து ஒட்டும் முறைதான் கைசரின் வேகத்துக்குக் காரணம். ஆணி அறைந்து கட்டும் பழைய முறைக்குப் பல்லாண்டு அனுபவம் வேண்டும். வெல்டிங்கையோ சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். பருத்திக் காட்டிலிருந்து வந்தவரும் சமையலறையிலிருந்து வந்தவரும் ஒரே வாரத்தில் ஒரே வேலையைக் கற்றுக்கொள்ள முடிந்ததால்தான், பழைய கைவினைச் சங்கத்தாருக்குத் தங்கள் இடம் பறிபோகும் என்ற அச்சம் பிடித்தது. சங்கத்தின் கதவடைப்புக்குள் வெறும் நிற வெறுப்பு மட்டுமல்ல, இந்தத் தொழில் பயமும் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கம்ப்யூட்டர் வந்தபோது சிவகாசியில் கையால் எழுத்துக் கோத்தவர்களின் முகத்தைப் பார்த்தவனுக்கு அது புரியாமல் போகாது. ஆனால் நாங்கள் யாருக்கும் தனிச் சங்கம் வைத்துக் காசு வாங்கவில்லை.

மாலையில் மருமகளோடு மெக்சிகன் கடையில் உட்கார்ந்தபோது கைப்பேசியில் இன்னொரு சுவரொட்டியைக் காட்டினேன். 1943-இல் போர்ச் செய்தி அலுவலகத்துக்காக லியோன் ஹெல்குவேரா வரைந்தது. இரண்டு கைகள் மட்டும் தொப்பிகளை உயர்த்திப் பிடிக்கின்றன. ஒன்று அமெரிக்காவின் உருவகமான மாமா சாமின் (அங்கிள் சாம்) கோடுபோட்ட தொப்பி, மற்றது மெக்சிகோ மக்களின் அகன்ற விளிம்புத் தொப்பி. 'எல்லோரும் அமெரிக்கர்களே' என்று இரு மொழியிலும் இருக்கிறது. பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கும் மருமகள்தான் ஒன்றைக் கவனித்தாள்: ஆங்கிலத்தில் 'வெற்றிக்குப் போராடுவோம்' என்று அழைப்பாக இருப்பது, ஸ்பானிஷில் 'வெற்றிக்குப் போராடுகிறோம்' என்று இருக்கிறது. ஒரு பக்கம் கூப்பிடும் குரல். மறு பக்கம் ஏற்கெனவே போராடிக்கொண்டிருப்பவரின் குரல். வேண்டுமென்றே எழுதினார்களோ, மெய்ப்புப் பார்த்தவரின் கவனக்குறைவோ, எனக்கு ஸ்பானிஷ் வரிதான் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதாகப் படுகிறது. அதே 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் மெக்சிகன் இளைஞர்களைக் கடற்படை வீரர்கள் விரட்டி விரட்டி அடித்து, உடையை உரித்தார்கள்.

ஐந்தாம் நாள், திங்கள்

இதே விரிகுடாப் பகுதியிலுள்ள போர்ட் சிகாகோ நினைவிடத்துக்குப் போக எண்ணியிருந்தேன். படைத்தளத்துக்குள் இருப்பதால் முன்பே பதிவு செய்ய வேண்டும். நான் அதைச் செய்யாமல் விட்டுவிட்டேன், குற்றம் என்னுடையதுதான். 1944 ஜூலை 17 இரவு அங்கே வெடிமருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஈ. ஏ. பிரையன் வெடித்துச் சிதறியது; ரிச்மண்டில் கட்டிய கப்பல் அது. இறந்த 320 பேரில் 202 பேர் கறுப்பினத்தவர். மூட்டை ஏற்றியவர்கள் எல்லோரும் கறுப்பர், அதிகாரிகள் எல்லோரும் வெள்ளையர். மீண்டும் அதே வேலைக்குப் போக மறுத்த 50 பேரைக் கலகக்காரர்கள் என்று தண்டித்தார்கள். கடற்படை அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தது 2024 ஜூலை 17 அன்று, சரியாக எண்பது ஆண்டு கழித்து. பதிவு செய்யாததற்காக நாள் முழுதும் என்னையே நொந்துகொண்டிருந்தேன்.

ஆறாம் நாள், செவ்வாய்: சாசலிட்டோ, மரின் சிட்டி

சாசலிட்டோ இன்று பணக்காரர்களின் படகுகள் ஆடும் ஊர். கரையோரமாக வடக்கே நடந்தால் படைப் பொறியாளர் துறை விரிகுடாவின் மாதிரியைத் தண்ணீரோடு கட்டி வைத்திருக்கும் பெரிய கிடங்கு வரும். அது போர்க்காலத்தில் மரின்ஷிப் என்ற கப்பல் தளத்தின் கிடங்கு. 1942-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் ஏறத்தாழ 20,000 பேர் வேலை செய்து 93 கப்பல்களைக் கட்டினார்கள்.

ரிச்மண்டில் இருந்த அதே துணைச் சங்க ஏற்பாடு இங்கும் வந்தது. 1943-இல் ஜோசப் ஜேம்ஸ் என்ற வெல்டரும் அவரோடு சேர்ந்த கறுப்பினத் தொழிலாளர்களும், ஓட்டில்லாத சங்கத்துக்குச் சந்தா கட்ட மாட்டோம் என்று மறுத்தார்கள். சந்தா கட்டாதவர்களை வேலையிலிருந்து நீக்கச் சொல்லிச் சங்கம் நிர்வாகத்தைக் கேட்டது, நிர்வாகமும் நீக்கியது. ஒற்றுமைச் சுவரொட்டி அச்சான அதே ஆண்டில், கப்பலுக்கு ஆள் போதவில்லை என்று அரசு அலறிக்கொண்டிருந்த அதே மாதங்களில், பயிற்சி பெற்ற வெல்டர்கள் வாயிலுக்கு வெளியே நின்றார்கள். வழக்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. சங்கத்தில் சேர்ந்தால்தான் வேலை என்று சொல்லும் சங்கம், ஓர் இனத்தாருக்கு முழு உறுப்பினர் உரிமையை மறுக்க முடியாது என்று 1944 டிசம்பர் இறுதியில் தீர்ப்பு வந்தது. கப்பல் தளமே போர் முடிந்ததும் மூடப்பட்டது. கதவு திறந்த வீட்டில் குடியிருக்க நாள் இல்லை.

பேருந்தில் மேலே மரின் சிட்டிக்குப் போனேன். தளத்தின் தொழிலாளருக்காக 1942-இல் அவசர அவசரமாக எழுப்பிய குடியிருப்பு. ஏறத்தாழ 6,000 பேர், கறுப்பரும் வெள்ளையரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில். சுவரொட்டியின் சொல் நாட்டில் எங்காவது வீட்டு வாசல் வரை வந்தது என்றால் இங்கே வந்தது. போருக்குப் பின் வெள்ளைக் குடும்பங்கள் கவுண்டியின் மற்ற ஊர்களில் வீடு வாங்கிக்கொண்டு போயின. கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று எழுதிய பத்திரங்கள் அவ்வூர்களில் இருந்ததால் கறுப்பினக் குடும்பங்கள் இங்கேயே தங்கின. சுற்றியுள்ள மலைச்சரிவில் வீட்டு விலை கோடிகளில் போகும் இடத்தில், அந்தப் பத்திரங்கள் எப்போதோ செல்லாமல் போன பின்பும் அவற்றின் கோடு நிலத்தில் அப்படியே கிடக்கிறது. நிறுத்தத்தில் பேருந்துக்கு நின்ற அரை மணி நேரத்தில், எதிரே நூலகத்திலிருந்து பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு வந்தார்கள்.

இரவு வீட்டில், மருமகள் நகலைத் தன் அறைச் சுவரில் ஒட்டக் கேட்டாள். ஒட்டிவிட்டு, முதல் நாள் கேள்வியை விடாமல் கேட்டாள்: "கண்டுபிடிச்சிட்டீங்களா, மாமா? ரெண்டு பேரும் ஃபிரண்ட்ஸா?" தாளில் வெளியிட்ட ஆணையத்தின் பெயர் இருக்கிறதே தவிர அந்த இருவரின் பெயர் எங்கும் இல்லை என்று அடிவரியைக் காட்டினேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப அவங்களுக்கு ஆளுக்கு ஒரு காப்பியாவது குடுத்திருப்பாங்களா?"

சிவகாசியில், காலண்டருக்குப் படம் கொடுத்தவருக்குப் பத்துக் காப்பியாவது சுருட்டிக் கட்டி, பேருந்தில் ஏற்றி அனுப்பிவிடுவோம்.